இணைப்பு இருந்தால் மட்டும் போதுமா?
வீட்டு இணையத்தின் நம்பகத்தன்மை: கிழக்கேகோட்டை தரும் பாடம்

ஒரு நாட்டின் முன்னேற்றத்தை அளக்கும் கருவிகள் காலத்துக்குக் காலம் மாறி வருகின்றன. ஒரு காலத்தில் மின் இணைப்புப் பெற்ற ஊர்களின் எண்ணிக்கையே முன்னேற்றத்தின் அடையாளமாகக் கருதப்பட்டது. பின்னர், கம்பி வந்து சேர்ந்தால் மட்டும் போதாது, அக்கம்பியில் நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் மின்சாரம் பாய்கிறது என்பதே முக்கியம் என்பதை அனுபவம் உணர்த்தியது. இணைய வசதியைப் பொறுத்தவரை நாம் இன்று ஏறக்குறைய அதே கட்டத்தில் நிற்கிறோம்.

1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் பொதுமக்களுக்கான இணையச் சேவையை நம் நாட்டில் தொடங்கி வைத்தது. 2024-ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் இணையச் சந்தாதாரர்களின் எண்ணிக்கை 95 கோடியைத் தாண்டியது. இவர்களுள் கம்பிவழியாக இணைப்புப் பெற்றோர் ஏறக்குறைய 4 கோடி பேர். வேகத்தின் இலக்கணமும் வளர்ந்துள்ளது. 2004-ஆம் ஆண்டின் அகலக்கற்றைக் கொள்கை நொடிக்கு 256 கிலோபிட் வேகத்தையே 'பிராட்பேண்ட்' என ஏற்றது. 2023-ஆம் ஆண்டு ஜனவரியில் அக்குறைந்த அளவு 2 மெகாபிட்டாக உயர்த்தப்பட்டது. எண்ணிக்கையிலும் வேகத்திலும் கண்ட இவ்வளர்ச்சி மறுக்க முடியாதது. ஆயினும், தேர்வு எழுதும் வேளையில் அறுந்துபோகும் இணைப்பு, மாணவனைப் பொறுத்தவரை இணைப்பே இல்லாமைக்குச் சமம். எனவே நம்பகத்தன்மை என்ற மூன்றாவது அளவுகோலைப் பற்றி நாம் சிந்திக்க வேண்டியுள்ளது.

கேரளத்தின் முயற்சி

இப்பொருளை ஆராய்வதற்குக் கேரளம் பொருத்தமான களம். 2002-ஆம் ஆண்டில் மலப்புறம் மாவட்டத்தில் தொடங்கப்பட்ட அட்சயா திட்டம், கணினி அறிவை எளிய குடும்பங்களுக்கு எடுத்துச் சென்ற முன்னோடி முயற்சி. 2019-ஆம் ஆண்டு செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், கல்லூரி விடுதி மாணவி ஒருவர் தொடுத்த வழக்கில், இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையின் ஒரு கூறு என்றும், அந்தரங்க உரிமையின் ஒரு கூறு என்றும் தீர்ப்பளித்தது. 2020-ஆம் ஆண்டு ஜூன் 1 அன்று பள்ளிகள் மூடப்பட்டிருந்த நிலையில், 'ஃபர்ஸ்ட் பெல்' என்ற பெயரில் விக்டர்ஸ் தொலைக்காட்சி வாயிலாகவும் இணையம் வாயிலாகவும் பாடங்கள் தொடங்கின. அப்போது வீட்டு இணைப்பின் தேவையைப் பெற்றோர் அனைவரும் நேரில் உணர்ந்தனர்.

2023-ஆம் ஆண்டு ஜூன் 5 அன்று கேரள ஒளியிழை வலையமைப்பு, அதாவது 'கே-ஃபோன்', தொடங்கி வைக்கப்பட்டது. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள 20 லட்சம் குடும்பங்களுக்கு இலவச இணைப்பும், ஏறத்தாழ 30,000 அரசு அலுவலகங்களுக்கு இணைப்பும் வழங்குவது இதன் குறிக்கோள். மாநில மின்வாரியத்தின் கோபுரங்களையும் கம்பங்களையும் பயன்படுத்தி ஒளியிழைகள் கொண்டு செல்லப்பட்டன. முன்பே இருந்த பொதுச் சொத்தைப் புதிய பணிக்குப் பயன்படுத்தியது சிக்கனமான முறையாகும். ஆனால், மின்கம்பத்தில் தொங்கும் ஒளியிழை காற்று, மழை, மரக்கிளை ஆகியவற்றின் தாக்குதலுக்கும் ஆளாகும் என்பதை மறத்தலாகாது.

சங்கிலியின் கணக்கு

வீட்டிலுள்ள கணினிக்கும் தொலைவிலுள்ள ஒரு தகவல் மையத்துக்கும் இடையே ஒரே ஒரு கம்பி இருப்பதாகப் பொதுவாக எண்ணுகிறோம். உண்மையில் அது பல கண்ணிகள் கோத்த ஒரு சங்கிலி. அவற்றை ஐந்தாகப் பகுக்கலாம். முதலாவது, நாம் கையாளும் கணினி அல்லது கைபேசி. இரண்டாவது, வீட்டுக்குள் செல்லும் வைஃபை அலை அல்லது கம்பி. மூன்றாவது, ரவுட்டரும் ஒளியிழையின் முனையில் அமைந்த முனையப் பெட்டியும், அவற்றுக்கான மின்சாரமும். நான்காவது, வீட்டிலிருந்து தெருவழியாக நிறுவனத்தின் நிலையம் வரை செல்லும் ஒளியிழை. ஐந்தாவது, நிறுவனத்தின் முதுகெலும்பு வலையமைப்பும் அதற்கு அப்பாலுள்ள கடலடிக் கம்பிகளும்.

இச்சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் நூற்றுக்கு 99 பங்கு நேரம் ஒழுங்காக இயங்குவதாகக் கொள்வோம். கேட்பதற்கு இது நல்ல தரமாகவே தோன்றும். ஆனால், ஐந்தும் ஒருசேர இயங்கினால்தான் இணைப்பு நிலைக்கும். ஆகவே 0.99 என்ற எண்ணை ஐந்து முறை பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 0.951. ஓராண்டின் 8,760 மணி நேரத்தில் இது 429 மணி நேரத் தடையாகும். அதாவது, ஆண்டுக்கு ஏறக்குறைய 18 நாட்கள் இணைப்பு இல்லை என்று பொருள். ஒவ்வொரு கண்ணிக்கும் பொறுப்பானவர் தம் பணியை நூற்றுக்கு 99 பங்கு செவ்வனே செய்திருப்பினும், குடும்பம் அடையும் பயன் இவ்வளவே.

இங்குதான் பொருளியல் மாணவர்கள் அறிந்த 'தகவல் ஏற்றத்தாழ்வு' என்ற சிக்கல் எழுகிறது. இணைப்பு அறுந்ததை மட்டுமே சந்தாதாரர் அறிவார். எந்தக் கண்ணி அறுந்தது என்பதை அவர் அறியார். நிறுவனமோ தன் பக்கத்தை மட்டுமே காண்கிறது. 'எங்கள் பக்கம் சரியாக உள்ளது, உங்கள் ரவுட்டரைப் பாருங்கள்' என்று ஒருவரும், 'வீட்டில் எல்லாம் சரி, உங்கள் கம்பியைப் பாருங்கள்' என்று மற்றவரும் கூறிக்கொண்டிருக்க, பழுது அப்படியே நிற்கிறது. பழுது எந்தக் கண்ணியில் உள்ளது என்பதைக் குடும்பமே ஓரளவு கண்டறிந்துவிட்டால், இவ்வழக்கின் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

கிழக்கேகோட்டையின் சூழல்

திருவனந்தபுரத்தின் கிழக்கேகோட்டை இவ்வைந்து கண்ணிகளும் சோதனைக்குள்ளாகும் பகுதி. பத்மநாபசுவாமி கோயிலைச் சூழ்ந்த கோட்டைக்குள் பழைய அக்கிரகாரத் தெருக்கள் உள்ளன. கோட்டை வாயிலுக்கு வெளியே காந்தி பூங்கா, நகரப் பேருந்து நிலையம், பழவங்காடி, அதற்கப்பால் தமிழ் வணிகர்கள் பலர் தலைமுறைகளாகத் தொழில் செய்துவரும் சாலைக் கடைவீதி என நெருக்கமான நகரம் விரிகிறது.

அக்கிரகார வீடுகள் அகலம் குறைந்தும் நீளம் மிகுந்தும், பக்கச் சுவர்கள் ஒன்றையொன்று ஒட்டியும் அமைந்தவை. முன்கூடத்தில் வைத்த ரவுட்டரின் அலை பல தடித்த சுவர்களைக் கடந்தே பின்கட்டை அடைய வேண்டும். அதே வேளையில், இருபுறமும் உள்ள அண்டை வீடுகளின் வைஃபை அலைகளும் உள்ளே புகுகின்றன. இவ்வீடுகளில் நிறுவனத்தின் மீது சுமத்தப்படும் குறைகளுள் ஒரு பகுதி இரண்டாவது கண்ணியைச் சேர்ந்ததாக இருக்க வாய்ப்புண்டு.

தெருவின் நிலையும் கருதத்தக்கது. தம்பானூரும் கிழக்கேகோட்டையும் கனமழையில் நீர் தேங்கும் தாழ்வான பகுதிகள். இத்தேக்கத்தைத் தீர்க்கவே 2015-ஆம் ஆண்டில் 'ஆபரேஷன் அனந்தா' என்ற திட்டம் மேற்கொள்ளப்பட்டு, வடிகால்கள் தூர்வாரப்பட்டன. வடிகால், குடிநீர், மின்சாரம், சாலை எனப் பல துறைகள் ஒரே தெருவைத் தோண்டும்போது ஒளியிழை வெட்டுப்படும் இடர் பெருகுகிறது. இவற்றோடு, கோடையின் இறுதியிலும் துலா மாதத்திலும் தென் கேரளத்தில் இடியும் மின்னலும் மிகுதி.

கைபேசி இணைப்பை மாற்றாக வைத்திருப்போர்க்கும் ஒரு குறிப்பு உண்டு. கும்ப மாதத்தில் ஆற்றுகால் பொங்கல் நாளன்று கிழக்கேகோட்டைச் சாலைகளெங்கும் பெண்கள் அடுப்பு மூட்டி அமர்கின்றனர். ஒரே இடத்தில் லட்சக்கணக்கானோர் கூடும்போது கைபேசிக் கோபுரங்களின் கொள்ளளவு பங்கு போடப்படுகிறது. ஆகவே மாற்று வழி என்பது முதல் வழியோடு சேர்ந்து தோற்காததாக இருத்தல் வேண்டும்.

பழுதைப் பகுத்தறியும் முறை

பழுது காண்பதில் பயன்படும் நெறி ஒன்றே: ஒரு நேரத்தில் ஒரு கண்ணியை மட்டும் மாற்றிப் பார்த்தல். எல்லாவற்றையும் ஒருசேர அணைத்து மூட்டினால் இணைப்பு ஒருவேளை திரும்பலாம். ஆனால் காரணம் தெரியாமலே போய்விடும், மறுநாள் பழுது மீண்டும் தோன்றும். பின்வரும் வரிசை பயனுடையது.

(1) விளக்குகளைப் பார்த்தல். முனையப் பெட்டியில் எல்.ஓ.எஸ். எனக் குறித்த விளக்கு சிவப்பாக எரிந்தால், ஒளி வீட்டை வந்து சேரவில்லை என்று பொருள். இது நான்காவது கண்ணியின் பழுது. ரவுட்டரை எத்தனை முறை அணைத்தாலும் இது தீராது. எனினும், வீட்டுக்குள் இழை கூர்மையாக மடிந்துள்ளதா, மேசையின் காலுக்கடியில் நசுங்கியுள்ளதா என்பதை மட்டும் பார்க்கலாம். இழையின் முனையைக் கழற்றிக் கண்ணால் உற்று நோக்குதல் கூடாது. அதில் வரும் ஒளி கண்ணுக்குப் புலப்படாதது, ஆனால் தீங்கு விளைவிக்கக்கூடியது. பி.ஓ.என். விளக்கு நிலையாக எரிந்தும் இணையம் இல்லையெனில், பழுதை வேறு கண்ணிகளில் தேட வேண்டும்.

(2) மின்சாரத்தைச் சரிபார்த்தல். பழைய செப்புக் கம்பித் தொலைபேசிக்கு நிலையத்திலிருந்தே 48 வோல்ட் மின்சாரம் வந்தது. அதனால் வீட்டில் விளக்கு அணைந்தாலும் தொலைபேசி பேசியது. ஒளியிழை மின்சாரத்தைக் கொண்டு வருவதில்லை. முனையப் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் வீட்டு மின்சாரமே ஆதாரம். சில நொடித் தடையும் அவற்றை அணைத்துவிடும். மீண்டும் இயங்கச் சில நிமிடங்கள் ஆகும். பெரும்பாலான பெட்டிகள் 12 வோல்ட்டில் இயங்குவதால், அவற்றுக்கென்றே விற்கப்படும் சிறிய மின்கலப் பெட்டி இக்குறையைப் போக்கும். தளர்ந்த பிளக்கும் பழுதான அடாப்டரும் அடிக்கடி அறுபடும் இணைப்புக்குக் காரணமாவதுண்டு.

(3) கம்பிவழிச் சோதனை. கணினியை ரவுட்டருடன் நேரடியாகக் கம்பியால் இணைத்து வேகத்தை அளக்க வேண்டும். கம்பியில் முழு வேகமும் வைஃபையில் கால் பங்கும் கிடைத்தால், நிறுவனத்தின் மீது குறையில்லை. கம்பியிலும் வேகம் குறைவெனில், வைஃபையின் மீது பழி போடுதல் பொருந்தாது. இங்கு அலகுகளில் குழப்பம் நேராதிருத்தல் வேண்டும். நிறுவனங்கள் வேகத்தை மெகாபிட்டில் கூறுகின்றன. கணினியோ கோப்புகளைப் பதிவிறக்கும்போது பெரும்பாலும் மெகாபைட்டில் காட்டுகிறது. எட்டு பிட் ஒரு பைட் ஆதலால், 100 மெகாபிட் இணைப்பில் நொடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் எதிர்பார்க்கலாகாது.

(4) மூன்று படி 'பிங்' சோதனை. கணினியிலுள்ள 'பிங்' என்ற கட்டளை ஒரு சிறு செய்தியை அனுப்பி, விடை வரும் நேரத்தை மில்லிநொடியில் காட்டும். முதலில் ரவுட்டரின் முகவரிக்கு அனுப்புக. பல வீடுகளில் அது 192.168.1.1 என்பதாகும். இங்கேயே விடை தவறினால் பழுது வீட்டுக்குள் உள்ளது. அடுத்து 8.8.8.8 போன்ற வெளி எண் முகவரிக்கு அனுப்புக. முதற்படி சரியாகி, இப்படி தவறினால் பழுது பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே உள்ளது. மூன்றாவதாக ஒரு தளத்தின் பெயருக்கு அனுப்புக. எண்ணுக்கு விடை வந்து பெயருக்கு வராவிடின், பெயரை எண்ணாக மாற்றித் தரும் 'டி.என்.எஸ்.' சேவையில் குறை. ரவுட்டரின் அமைப்பில் அச்சேவையின் முகவரியை மாற்றினால் இது நீங்கும்.

(5) வைஃபையைச் சீர் செய்தல். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தொலைவு செல்லும், ஆனால் நெரிசல் மிகுந்தது. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவர்களைக் கடப்பதில் பின்தங்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 ஆகிய மூன்று அலைத்தடங்களே. அண்டை வீடு 6-இல் இருந்தால் நாம் 1-ஐயோ 11-ஐயோ தேர்ந்தெடுக்கலாம். நீண்ட வீடுகளில் ரவுட்டரை நடுப்பகுதியில் உயரமான இடத்தில் வைப்பதும், பின்கட்டுக்கு ஒரு கம்பி இழுத்து இரண்டாவது வைஃபைப் பெட்டியை அமைப்பதும் நிலையான தீர்வுகள். அலமாரிக்குள்ளும் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்னும் ரவுட்டரை மறைத்து வைத்தல் தவறு.

(6) நேரத்தைக் கவனித்தல். பரவலாக வழங்கும் ஒளியிழை முறையில், நிலையத்திலிருந்து வரும் ஓர் இழையின் 2.5 கிகாபிட் கொள்ளளவை 32 அல்லது 64 வீடுகள் பகிர்ந்துகொள்ளலாம். அதற்கு மேலே முதுகெலும்புப் பாதையும் பகிரப்படுவதே. மாலை 7 மணி முதல் 11 மணி வரை மட்டும் வேகம் தளர்ந்து, விடியற்காலையில் முழுமையாகத் திரும்பினால், அது பழுதன்று, கொள்ளளவுக் குறை. மின்சாரத்தில் உச்சநேரத் தேவை என்று சொல்வதற்கு இது ஒப்பானது. மழை நாட்களில் மட்டும் அறுபட்டால், தெருவிலுள்ள இணைப்புப் பெட்டியில் நீர் புகுந்திருக்கலாம். வீட்டில் ஒருவர் பெரிய படக்கோப்புகளைப் பதிவேற்றும்போது மட்டும் மற்றவரின் வகுப்பு தடுமாறினால், நிரம்பியிருப்பது பதிவேற்றப் பாதையே.

இச்சோதனைகளின் முடிவுகளை ஒரு குறிப்பேட்டில் எழுதி வருதல் நன்று. தேதி, நேரம், விளக்கின் நிறம், கம்பியிலா வைஃபையிலா, மின்தடை இருந்ததா, மழை பெய்ததா என்ற ஆறு செய்திகள் போதும். இரண்டு வாரக் குறிப்பு, 'அடிக்கடி போகிறது' என்ற குறையை ஆதாரமுள்ள முறையீடாக மாற்றிவிடும்.

முறையீட்டின் வழிகள்

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2012-ஆம் ஆண்டு விதிகள் இரண்டடுக்கு முறையை வகுத்துள்ளன. முதலில் நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிவு செய்து, பதிவு எண்ணைப் பெற வேண்டும். தீர்வு கிடைக்காவிட்டாலோ மனநிறைவு தராவிட்டாலோ, 30 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியை அணுகலாம். அவர் 39 நாட்களுக்குள் முடிவு கூற வேண்டும். தனிநபர் புகார்களை ஆணையமே நேரடியாக விசாரிப்பதில்லை என்பதைப் பலர் அறியார். இதற்கும் அப்பால், மத்திய அரசின் பொதுக் குறைதீர்ப்புத் தளம் உண்டு. நுகர்வோர் ஆணையங்களும் தொலைத்தொடர்புப் புகார்களை விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தெளிவுபடுத்தியுள்ளது.

சேவைத் தரத்துக்கும் அளவுகோல்கள் உண்டு. 2006-ஆம் ஆண்டின் விதிகள், பழுதுகளில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் அடுத்த வேலைநாளுக்குள்ளும், 99 பங்கு மூன்று வேலைநாட்களுக்குள்ளும் சீராக வேண்டும் என்றன. அவற்றுக்கு மாற்றாக 2024-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்துள்ளன. மூன்று நாட்களுக்கு மேல் நீடிக்கும் கம்பிவழிப் பழுதுக்குச் சந்தாதாரருக்கு ஈடு வழங்கும் கடமை அவற்றில் இடம்பெற்றுள்ளது. ஈடு சிறிதாகலாம். ஆனால், பழுது நீடித்ததைப் பதிவு எண்ணும் குறிப்பேடும் நிறுவினால்தான் அதையும் கோர முடியும்.

திட்டமிடுவோர்க்குச் சில கருத்துகள்

குடும்பம் தன் பங்கைச் செய்த பின்னரும் நான்காவது, ஐந்தாவது கண்ணிகள் அதன் கைக்கு எட்டாதவை. அவை பொதுக் கொள்கையின் பாற்பட்டவை. தோண்டும் பணிகளைக் கம்பி உரிமையாளர்க்கு முன்னறிவிக்க, 2023-ஆம் ஆண்டு மார்ச் 22 அன்று 'கால் பிஃபோர் யூ டிக்' என்ற செயலி தொடங்கப்பட்டது. நகராட்சி ஒப்பந்தங்களில் இதன் பயன்பாட்டை ஒரு நிபந்தனையாகவே சேர்த்து, மீறினால் பழுதின் செலவை ஒப்பந்ததாரரிடமே பெறுதல் பொருத்தமானது. வெட்டியவர் செலவை ஏற்காமல், அறுந்த இணைப்பின் இழப்பைத் தெருவிலுள்ள குடும்பங்கள் சுமப்பது நீதியன்று.

இரண்டாவதாக, இணைப்புகளின் எண்ணிக்கையோடு, வார்டு அளவில் தடைப்பட்ட மணி நேரத்தையும் வெளியிடுதல் வேண்டும். மாநில அளவிலான சராசரி, நீர் தேங்கும் ஒரு தெருவின் துன்பத்தை மறைத்துவிடும். மூன்றாவதாக, மின்தடையின்போது தெருவிலுள்ள நிலையங்களும் இயங்குவதற்கு உரிய மின்கல ஏற்பாடு கட்டாயமாதல் வேண்டும். வீட்டில் மின்கலம் வைத்தவருக்கும் தெருவில் மின்கலம் இல்லையெனில் பயனில்லை.

இலவச இணைப்புப் பெறும் குடும்பத்துக்கு இவை இன்னும் இன்றியமையாதவை. வசதியுள்ளவர் இரண்டு நிறுவனங்களின் இணைப்பை வைத்துக்கொள்வார். ஒவ்வொன்றும் நூற்றுக்கு 98 பங்கு இயங்கினாலும், இரண்டும் தனித்தனிக் காரணங்களால் மட்டுமே தடைப்படுமெனில், ஒருசேரத் தோற்கும் வாய்ப்பு பத்தாயிரத்தில் நான்கே. ஒற்றை இணைப்பை நம்பியிருப்பவருக்கோ அது நூற்றில் இரண்டு. அதாவது ஐம்பது மடங்கு. சேவை இலவசமாயினும், அதன் நம்பகமின்மையின் விலையை ஏழைக் குடும்பமே அதிகமாகச் செலுத்துகிறது.

ஓய்வூதியர் வாழ்நாள் சான்று அளிப்பதும், மாணவர் விண்ணப்பம் செய்வதும், சிறு வணிகர் பணம் பெறுவதும் இன்று இணையத்தின் வழியாகவே நடைபெறுகின்றன. அரசு தன் சேவைகளை இணையத்துக்கு மாற்றும் அளவுக்கு, அவ்விணைப்பின் நிலைப்பாட்டுக்கும் பொறுப்பேற்க வேண்டியதாகிறது. இதுவரை, எத்தனை வீடுகளுக்கு இணைப்பு வழங்கினோம் என்று கணக்கிட்டு வந்தோம். வழங்கிய இணைப்பு, குடும்பத்துக்குத் தேவையான மணி நேரத்தில் இயங்கியதா என்பதையும் இனிக் கணக்கில் சேர்த்தல் வேண்டும். அக்கணக்கைத் தொடங்குவதற்கு வீட்டில் ஒரு குறிப்பேடும், அரசிடம் வார்டு வாரியான ஒரு பதிவேடும் போதும்.